நாட்காட்டியில் எழுதியுள்ள ஆபத்து

எப்போதும்வென்றான்! பெயரிலேயே வெற்றி முழங்கும் ஊர். எட்டயபுரத்தைத் தாண்டித் தூத்துக்குடி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் விரிந்து கிடக்கும் ஊர். வானத்தை நம்பி விதைத்து, வானம் பொய்த்தால் வாடி நிற்கும் மக்கள் வாழும் வட்டாரம். குடிக்கத் தண்ணீர் தேடி அலைந்த மண்ணிலிருந்து, தண்ணீரில் மூழ்கி மடிவோரைப் பற்றி எழுதுகிறீர்களே, இது என்ன பொருத்தம் என்று கேட்கலாம். பொருத்தம் உண்டு. அந்தச் சாலையைச் சற்றுப் பாருங்கள்!

மார்கழியிலும் தையிலும் சாலையோரம் பச்சை ஆடை உடுத்திய கூட்டம் நடக்கிறது. முதியவர், இளைஞர், இடுப்பிலே குழந்தையைத் தாங்கிய தாய்மார். எங்கே செல்கிறார்கள்? திருச்செந்தூருக்கு. சென்றதும் முதல் வேலை என்ன? கடலில் இறங்குவது. இன்று எப்போதும்வென்றானைக் கடப்பவர் இரண்டு மூன்று நாளில் அலைமுன் நிற்பார். அவருக்கு நீந்தத் தெரியுமா? கண்மாயில் முழங்கால் நீரே கண்டு வளர்ந்தவருக்குக் கடலின் இழுப்பு எப்படித் தெரியும்?

அந்தக் கூட்டம் வருமென்பது சாலையோரத் தேநீர்க் கடைக்காரருக்குத் தெரிகிறது. முதல் நாளே கூடுதலாகப் பால் வாங்கி வைக்கிறார். போக்குவரத்துக் கழகத்துக்குத் தெரிகிறது. சிறப்புப் பேருந்து விடுகிறது. பூக்காரிக்குத் தெரிகிறது, பொரி விற்பவருக்குத் தெரிகிறது. தண்ணீரில் இறங்குவோரின் உயிர்காக்கும் காவலருக்குப் பணிப்பட்டியல் எழுதுகிற மேசைக்கு மட்டும் தெரியாமற் போகலாமா? இதுதான் நமது கேள்வி.

நாம் சமய வாதம் பேச வரவில்லை. நீராடுவது அவரவர் நம்பிக்கை. நீராடியவர் உயிரோடு வீடு திரும்புவது ஆட்சியின் கடமை.

மூழ்கிச் செத்தான் என்றதும் ஊர் சொல்லும் சொல் ஒன்று உண்டு: "விதி முடிந்தது!" விதியாம் விதி! தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் நீரில் மூழ்கி மடிந்தோர் 38 ஆயிரத்துக்கும் மேல். நாளொன்றுக்கு நூறு பேர்! உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ 3 இலட்சம் என்கிறது. அவர்களில் நாலில் ஒரு பங்கு ஐந்து வயது நிரம்பாத பிஞ்சுகள். இறந்தோரில் பத்தில் ஒன்பது பேர் வறிய நாடுகளையும் நடுத்தர வருவாய் நாடுகளையும் சேர்ந்தவர்கள். விதி ஏழை நாட்டு முகவரியை மட்டும் எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது? அங்கே விதி வேலை செய்யவில்லை. காவல் வேலை செய்யவில்லை!

இந்தச் சாவுகள் சொல்லாமல் வருவனவும் அல்ல. நாள் குறித்துக்கொண்டு வருகின்றன. நாட்காட்டியைப் புரட்டுங்கள். தையில் காணும் பொங்கல், தை அமாவாசை, தைப்பூசம். ஏப்ரல் கடைசியில் பள்ளித் தேர்வு முடிகிறது. மே முழுவதும் கிணறும் குளமும் பிள்ளைகள் கையில். மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. நேற்றுவரை மணலாய்க் கிடந்த ஆற்றில் இன்று வெள்ளம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலச் சாரல். ஆடியில் பதினெட்டாம் பெருக்கு. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பெருங்கூட்டம். ஆவணியில் சிலை கரைப்பு. செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை, திருச்செந்தூரில் சூரசம்காரம். டிசம்பரில் அரையாண்டு விடுமுறை. இவற்றில் எந்த நாள் எதிர்பாராத நாள்? எல்லாம் முன்கூட்டியே அச்சாகிச் சுவரில் தொங்குகிற நாட்கள்!

இனி, காவலரின் பக்கம் வருவோம். கரையிலே நிற்கும் உயிர்காப்பாளரும் மனிதர்தாமே! பொங்கலுக்குக் கூட்டம் கடலுக்கு வருகிறது. அதே பொங்கலுக்கு அவர் வீட்டிலும் பானை பொங்குகிறது. தீபாவளிக்கு அவருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆகவே, கூட்டம் பெருகும் நாளும் காவலர் விடுப்புக் கேட்கும் நாளும் ஒரே நாளாக அமைகின்றன. நீச்சல் குளங்களில் கோடைக்காலப் பயிற்சி தொடங்கும்போது, காவலுக்கு அமர்த்திய கல்லூரி மாணவருக்குத் தேர்வு வருகிறது. இது யாருடைய குற்றமுமல்ல. ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னரே தெரிந்த செய்தி. விழாவுக்கு முதல் நாள் மாலை, "நாளைக்கு யாருக்கும் விடுப்பு இல்லை" என்று ஆணை ஒட்டுவதற்குப் பெயர் திட்டமிடுதல் அல்ல. தம் சோம்பலைத் தொழிலாளியின் தலையில் கட்டுதல்!

கணக்கொன்று போடுவோம். கரையில் ஒரு காவல் மேடை. காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை, வாரம் ஏழு நாளும் காவல் வேண்டும். அலையையே விடாது நோக்கும் கண் வெகுநேரம் தாங்காது. அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும் என்பது இந்தத் தொழிலறிந்தோர் வகுத்த முறை. அப்படியானால் மேடைக்கு எப்போதும் இருவர் தேவை: ஒருவர் பார்க்க, ஒருவர் கண்ணுக்கு ஓய்வு தந்து ஆயத்தமாக நிற்க. இருவர், 12 மணி, 7 நாள்: ஆகமொத்தம் வாரத்துக்கு 168 மணி. ஒரு தொழிலாளி வாரத்துக்கு 48 மணி உழைத்தால் மூன்றரை ஆள். அரை ஆள் கிடையாது, ஆகவே நால்வர். காய்ச்சலும் கல்யாணமும் கணக்கில் சேரவில்லை. ஒரு மேடைக்கு ஓர் ஆள் போதும் என்று கோப்பில் எழுதுவோர், அந்த ஆள் சோறு தின்னப் போகும் அரைமணி நேரத்துக்கு அலையையும் ஓய்வெடுக்கச் சொல்லி உத்தரவு போடுவார்களோ?

ஆள் மாறும் வேளை, உணவு வேளை, பொழுது சாயும் வேளை. இந்த மூன்றிலும் காவல் தளரும். தளரும் என்று தெரிந்தால், அங்கே இன்னொருவரை நிறுத்த வேண்டும். ஆஸ்திரேலியாவின் பாண்டி கடற்கரையில் 1938 பிப்ரவரி 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பேரலைகள் அடுத்தடுத்து வந்து நூற்றுக்கணக்கானோரைக் கடலுக்குள் இழுத்தன. 250 பேர் அளவில் மீட்கப்பட்டனர், ஐவர் மாண்டனர். அத்தனை பேர் பிழைத்தது எதனால்? கழகப் போட்டி ஒன்றுக்காகக் காவலர் பலர் அந்த நேரத்தில் கரையில் கூடியிருந்தனர். அங்கே தற்செயலாய் அமைந்ததை இங்கே திட்டமிட்டு அமைக்க முடியாதா?

முடியும். முடிந்தும் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் காணும் பொங்கலன்று என்ன நடக்கிறது? கடலில் இறங்கத் தடை, கரையோரம் தடுப்புக் கட்டை, கண்காணிப்புக் கோபுரம், காணாமற்போனால் கண்டுபிடிக்கக் குழந்தைகளின் கையிலே அடையாளப் பட்டை. கூட்டம் வருமென்று காவல்துறை முன்னரே எண்ணிப் பார்த்தது, ஏற்பாடு பிறந்தது. பாராட்டுகிறோம். ஓராண்டில் ஒருநாள் செய்ய முடிந்ததை, ஆபத்தான மற்ற நாட்களிலும், சென்னைக்குச் செய்ய முடிந்ததைத் தென்கோடிக்கும் செய்யுங்கள் என்கிறோம்.

பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் போதாது. குற்றாலத்தில் 'சீசன்' ஜூனில் என்பது ஊரறிந்த வழக்கு. ஆனால் 2024 மே 17 அன்று, மலையில் பெய்த கோடை மழை பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளமாய்ப் பாய்ந்தது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். சீசன் வரவில்லை, தண்ணீர் வந்துவிட்டது! பட்டியலை நாட்காட்டி பார்த்து எழுத வேண்டும். வானம் பார்த்துத் திருத்த வேண்டும். வானிலை எச்சரிக்கை வந்த கணமே காவலரைக் கூட்டவும், அருவியை அடைக்கவும் அதிகாரம் பெற்ற ஒருவர் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

கரிசலுக்குத் திரும்புவோம். 2023 டிசம்பர் 17, 18 நாட்களை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை; கோவில்பட்டியில் 50 சென்டிமீட்டருக்கும் மேல். வறண்ட பூமி என்று பெயரெடுத்த பூமி வெள்ளக்காடானது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. கடலோர மீனவத் தோழர்கள் படகுகளோடு வந்து மக்களை மீட்டார்கள். நீரை அறிந்த கைகள் நம்மிடையே உண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? அவர்களைப் பெயர் பதிந்து, பயிற்சி தந்து, ஊதியம் தந்து, துணைக் காவலராய் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

கரிசல் சிற்றூர்களிலும் ஒரு நாட்காட்டி உண்டு. கோடையில் கண்மாயில் வண்டல் அள்ளுகிறார்கள். வயலுக்கு நல்லது, வரவேற்கிறோம். அள்ளிய இடம் பள்ளமாகிறது. ஐப்பசியில் நீர் நிறைந்ததும் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. போன ஆண்டு இடுப்பளவு நின்ற இடமென்று எண்ணிப் பையன் குதிக்கிறான். அன்று விடுமுறை, அம்மா தீப்பெட்டி ஆலையில், அப்பா காட்டில். நகரத்துத் தீயணைப்பு வண்டி எத்தனை விரைந்து வந்தாலும், மூச்சு நின்ற சில நிமிடத்தில் மூளை சாகத் தொடங்கிவிடுகிறதே! இங்கே காவல் மேடை கட்டச் சொல்லவில்லை. பள்ளத்தின் விளிம்பில் மழைக்கு முன்னே கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். விடுமுறை நாட்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை ஊராட்சி அமர்த்தட்டும் என்கிறோம்.

ஐக்கிய நாடுகள் அவை 2021இல் தீர்மானம் போட்டு, ஜூலை 25ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. இந்திய அரசின் சுகாதாரத் துறையும் 2023 டிசம்பரில் இதற்கெனத் திட்ட ஏடு ஒன்றை வெளியிட்டது. ஏடுகள் வந்துவிட்டன, ஆட்கள் வர வேண்டும்.

நாம் கோருவது இவை. ஆண்டு பிறப்பதற்கு முன்பே கடற்கரை, அருவி, படித்துறை ஒவ்வொன்றுக்கும் ஆண்டு முழுமைக்குமான பணிப்பட்டியல் வெளிவர வேண்டும். விழா நாளில் உழைக்கும் காவலருக்கு இரட்டைக் கூலியும், மாற்று விடுப்பும் உறுதியாக வேண்டும். யாருக்கு எந்த விழாவில் விடுப்பு என்பது முறைவைத்து முன்னரே தீர வேண்டும். ஒப்பந்தக் கூலியாய் ஆண்டுக்காண்டு மாற்றாமல், அவர்களை நிலையான பணியாளராக்க வேண்டும். மேடைக்கு நால்வர் என்ற கணக்கை மறுப்போர், எந்த அரைமணிக்குக் காவல் வேண்டாம் என்பதை எழுத்தில் தரட்டும்!

வெள்ளம் வந்தபின் ஓடுவது வீரம், அதை வணங்குகிறோம். வெள்ளம் வருமுன் ஆளை நிறுத்துவது ஆட்சி, அதைக் கேட்கிறோம்.

அடுத்த தைக்குள் அந்தச் சாலையில் மீண்டும் கூட்டம் நடக்கும். இடுப்பில் குழந்தையோடு அந்தத் தாய் எப்போதும்வென்றானைக் கடந்து தெற்கே செல்வாள். அவள் இறங்கப்போகும் கரையில் காவலுக்கு யார் நிற்பார் என்பது இன்றே ஒரு தாளில் எழுதப்பட வேண்டும். எழுதுவார்களா?