வெள்ளைப்படுதலும் டெட்டால் தண்ணீரும்

வெள்ளைப்படுதல் என்றாலே "உடம்புச் சூடு" என்று சொல்லி, வெந்தயத்தை ஊற வைத்துக் குடித்துவிட்டு இருந்துவிடுவது நம் வழக்கம். அதுகூடப் பரவாயில்லை. வாடை வருதே என்று டெட்டால் தண்ணீராலும் சோப்பாலும் உள்ளே வரைக்கும் கழுவுகிறோமே, அதை முதலில் நிறுத்த வேண்டும் தோழிகளே!

பெண்ணுறுப்புக்குள் பாக்டீரியா இருப்பது அசுத்தம் இல்லை. தயிர் உறைவதற்குக் காரணமான கிருமிகளுக்கு உறவுக்காரனான லேக்டோபேசில்லஸ் அங்கே குடியிருக்கிறது. அங்குள்ள சர்க்கரைச் சத்தைப் புளிக்க வைத்து லேக்டிக் அமிலமாக்குகிறது. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் தலையெடுக்காது. எய்ட்ஸ் வைரஸ்கூட வலுவிழக்கும்.

புளிப்பு குறைந்தால் கார்ட்னெரெல்லா போன்ற கிருமிகள் பெருகும். சாம்பல் நிறத்தில் நீர்த்துப் படும், மீன் வாடை அடிக்கும். சிலருக்கு எதுவுமே தெரியாது. டாக்டர்கள் இதை 'பாக்டீரியல் வெஜினோசிஸ்' என்பார்கள். இதனால் உள்ளே அழற்சி உண்டாகி, எதிர்ப்பு அணுக்கள் அங்கே வந்து கூடும். எய்ட்ஸ் வைரஸ் புகுந்துகொள்வதே அந்த அணுக்களில்தான்! காவலுக்கு வந்தவனையே திருடன் வளைத்துப் போட்ட கதை. ஹெர்பிஸ் தொற்றும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸும் இவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன.

தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸைத் தடுக்க, உள்ளே பூசும் ஒரு ஜெல்லைச் சோதித்தார்கள். 2010-ல் முடிவு வந்தபோது 39 சதவீதப் பலன்தான். 2017-ல் மறுபடி பிரித்துப் பார்த்தால், நல்ல பாக்டீரியா நிறைந்த பெண்களுக்கு 61 சதவீதம், மற்றவர்களுக்கு வெறும் 18. கார்ட்னெரெல்லா அந்த மருந்தையே தின்று தீர்த்திருக்கிறது!

நமக்கு எங்கே இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். மைசூரில் இளம் பெண்களிடம் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், பரிசோதித்த 863 பேரில் 165 பேருக்கு இந்தக் கோளாறு இருந்தது. அஞ்சில் ஒருத்தி! இதற்காக யாருடைய நடத்தையையும் சந்தேகப்படுவது அநியாயம். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுகிற நாம், லேடி டாக்டரைப் பார்க்க மட்டும் நாலு எட்டு வைக்க வெட்கப்படுகிறோம். வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்ற பயம் வேறு.

வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். மருந்துக் கடையில் கேட்டு வாங்காமல், டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை முழு நாளும் சாப்பிடுங்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். அரசு ஆஸ்பத்திரியில் காசில்லை.

இன்னொன்று. மாத்திரை சாப்பிட்டும் திரும்பத் திரும்ப வருதே என்று புலம்புகிறவர்கள் பலர். ஆஸ்திரேலியாவில் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், மனைவிக்கு மட்டும் மருந்து தந்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்பி வந்தது. கணவருக்கும் சேர்த்துத் தந்தபோது 35 சதவீதம்தான். ஆகவே அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

– ஒரு வாசகி, கீழ்பென்னாத்தூர்