மணிக்கு ஆபரேஷன் வேண்டுமா?



போன கார்த்திகையில் எங்கள் அம்பத்தூர் வீட்டில் நடந்த சங்கதி இது. கொல்லைப் பக்கம் வந்த பூனையைத் துரத்திக்கொண்டு ஓடிய மணி, வழவழவென்ற டைல்ஸ் தரையில் சறுக்கி 'வீல்' என்று கத்தினான். பிறகு பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மூன்று காலால் நொண்டி நொண்டி என்னிடம் வந்து சேர்ந்தான்.

"வெறும் சுளுக்கு, தைலம் தேய்" என்றார் வீட்டுக்காரர். தேய்த்தேன். பத்து நாள் வீணானதுதான் மிச்சம்! நாம் சாப்பிடும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். நல்ல வேளை, கொடுக்கவில்லை. அவற்றில் சில நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடுமாம்.

டாக்டர் மணியின் முழங்காலைப் பிடித்து மெல்ல அசைத்தார். மேஜை டிராயரை இழுத்தாற்போல் கீழ் எலும்பு முன்னால் நகர்ந்தது. முழங்காலுக்குள் இரண்டு தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. அவற்றில் முன்நார் அறுந்துவிட்டது என்றார். எக்ஸ்ரேயில் வீக்கமும் எலும்புத் தேய்மானமும் தெரியுமே தவிர, நார் தெரியாது. ஆகவே கைப் பரிசோதனைதான் முக்கியம்.

"ஒரு சறுக்கலிலா அறுந்துவிட்டது?" என்று கேட்டேன். இல்லையாம். பழைய கிணற்றுக் கயிறு புரிபுரியாக நைந்து, ஒரு நாள் குடத்தோடு அறுவதில்லையா? நாய்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தானாம். அதனால்தான் ஏறக்குறைய பாதி நாய்களுக்குப் பின்னால் மற்றக் காலிலும் இதே தொல்லை வருகிறது.

சரி, ஆபரேஷன் அவசியமா? அடுத்த வீட்டுப் பொமரேனியனுக்கும் இதே கோளாறு வந்தது. அதன் எடை ஆறு கிலோ. ஓய்வு, மருந்து, அளவான சாப்பாடு ஆகியவற்றிலேயே தேறிவிட்டது. பதினைந்து கிலோவுக்கு உட்பட்ட நாய்கள் பல அப்படித் தேறுவதுண்டு. நம் மணியோ முப்பத்திரண்டு கிலோ! போதாததற்கு, நடக்கும்போது மூட்டில் 'டக் டக்' என்று சத்தம். உள்ளே இருக்கும் குருத்தெலும்புத் திண்டும் கிழிந்திருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். ஆகவே எலும்பை வெட்டித் திருப்பித் தகடு வைக்கும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தோம். மூட்டுக்கு வெளியே தடித்த நைலான் இழை கட்டும் முறையும் உண்டு.

ஆனால், பணம் புரட்ட முடியவில்லையே என்று எந்தச் சகோதரியும் இரவெல்லாம் அழ வேண்டாம். அமெரிக்காவில் இருபது கிலோவுக்கு மேற்பட்ட, உடல் பருத்த நாற்பது நாய்களைக் கவனித்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாவற்றுக்கும் எடைக் குறைப்பு, உடற்பயிற்சி, வலி மருந்து. சிலவற்றுக்கு மட்டும் ஆபரேஷனும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், ஆபரேஷன் ஆனவற்றில் நாலில் மூன்று நன்றாக இருந்தன. ஆகாதவற்றிலும் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத் தேறியிருந்தன. ஆபரேஷன் மேல்தான், ஆனால் அது இல்லையென்றால் கதி இல்லை என்பதில்லை.

முடிவு செய்யுமுன் டாக்டரிடம் கேளுங்கள்: நார் முழுதும் அறுந்ததா, பாதியா? திண்டு கிழிந்திருக்கிறதா? மருந்து, மறு எக்ஸ்ரே, வண்டிக் கூலி எல்லாம் சேர்த்துச் செலவு எவ்வளவு? சந்தேகமிருந்தால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள். பூந்தமல்லி, ஆவடிக்காரர்களுக்கும் வேப்பேரி எட்டாத தூரமல்ல. 1903ல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் நிச்சயம். கத்தி வைத்தாலும் வைக்காவிட்டாலும், இரண்டு மாதக் காவல் உங்கள் தலையில்தான். மாடிப்படி கூடாது, சோபா கூடாது, பூனை கூடவே கூடாது! வெளிக்குப் போவதும் சங்கிலியோடுதான். தரையில் சாக்கோ பாயோ விரித்து வையுங்கள்.

எங்கள் வீட்டில் மணியைக் காப்பது சுலபமாக இருந்தது. அவனுக்கு ஒளித்து ஒளித்து நெய்ச் சாதம் ஊட்டிய மாமியாரைக் காப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது! இப்போது மணி இருபத்தெட்டு கிலோ. நாலு காலையும் ஊன்றித் தெருமுனை வரை போய் வருகிறான். பூனை மட்டும் மதிலின் மேல் உட்கார்ந்து அவனை வேடிக்கை பார்க்கிறது.