புறம்போக்கில் நிற்கும் தெய்வங்கள்

வல்லம் வடகால் என்பது இன்று ஊர்ப்பெயராக அன்றி, சிப்காட் தொழிற்பூங்காவின் பெயராகவே வெளியுலகுக்குத் தெரிகிறது. 2017இல் ராயல் என்பீல்டு தொழிற்சாலை இங்கு இயங்கத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் 18,720 தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள ‘கால்’ என்பதற்கு நீரோடும் வழி என்றும் பொருளுண்டு என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள் எனத் தெரியவில்லை. திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியே சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலை, எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகேயுள்ள பூஞ்சேரி வரை ஏறத்தாழ 133 கி.மீ. நீளும் சென்னை எல்லைச் சாலையின் ஒரு பகுதியாகிவிட்டது. இச்சாலையும் இதனோடு இணையும் கிளைச் சாலைகளும் ஏரிகளால் ஆன ஒரு நிலத்தின் மீது போடப்படுகின்றன. அந்த ஏரிகள் யாருடையவை என்ற வினாவையே இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். அதன் மிகுதி அதற்கும் கீழேயுள்ள ஏரிக்குப் போகும். இறுதியில் அது செம்பரம்பாக்கத்தையோ அடையாற்றையோ பாலாற்றையோ சேரும். இச்சங்கிலியின் குறுக்கே உயர்த்திப் போடப்படும் சாலை ஒரு கரையாகிவிடுகிறது. சிறுபாலங்களின் அகலம் போதவில்லையெனில் ஒருபுறம் வெள்ளம் தேங்கும், மறுபுறம் ஏரி காயும். சாலையை உயர்த்தத் தேவைப்படும் மண்ணும் பெரும்பாலும் ஏதோவோர் ஏரியின் வயிற்றிலிருந்தே வருகிறது. பெருமழைக்குப் பின் தாழ்வான பகுதியிலுள்ள காலனிகள்தாம் முதலில் மூழ்குகின்றன என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் நாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்த ஏரிகளைக் காத்தவர்கள் யார்? மதகைத் திறந்து மூடியவர்கள், இரவில் கரை உடையாமல் காவல் இருந்தவர்கள், வயலுக்கு வயல் நீரை முறைவைத்துப் பாய்ச்சியவர்கள் பெரும்பாலும் நீர்க்கட்டி, கம்புகட்டி எனப் பெயர் பெற்ற தலித் குடும்பத்தினர். ஆயக்கட்டில் அவர்களுக்கென்று நிலம் இருந்தது அரிது. கதிர் அறுத்தபின் களத்தில் அளக்கப்பட்ட நெல்லே கூலி. ஏரியின் உயிரை அறிந்தவனுக்கு ஏரியின் மீது ஆவணம் எதுவும் இல்லை.

அதே கரையில்தான் அவர்களுடைய தெய்வங்களும் இருக்கின்றன. வேம்படியில் நட்ட ஏழு கற்கள் கன்னிமார். கலங்கலருகே கங்கையம்மன். இருளர்களுக்கோ கன்னியம்மனின் இருப்பிடம் நீரும் புற்றுமே. மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் அவர்கள் ஆண்டுதோறும் கூடி வழிபடுவதை நாம் அறிவோம். இவ்வழிபாட்டிடங்களுக்குக் கோபுரமில்லை, மதிலில்லை, தலவரலாறு அச்சடித்து விற்கப்படுவதில்லை. அறநிலையத் துறையின் பட்டியலில் இடம்பெற்ற கோயிலின் பக்கம் சாலை வந்தால் சாலை வளையும், இல்லையேல் வளைப்பது பற்றிப் பேச்சாவது நடக்கும். கன்னிமார் கல்லின் பக்கம் வந்தால் அது ‘நீர்நிலைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு’. ஏரியை மூடுகிறவர்களே ஏரியைக் காக்கும் சட்டத்தைக் காட்டி அந்தக் கல்லைப் பெயர்க்கும் விந்தையும் இதில் அடங்கும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தந்திரமன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரின் தெற்கே பீலியர் ஈரநிலங்கள் நூங்கார் பழங்குடி மக்களுக்குப் புனிதமானவை. அவற்றின் ஊடே ‘ரோ 8’ நெடுஞ்சாலையை நீட்டும் பணி 2016 டிசம்பரில் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1972ஆம் ஆண்டின் பழங்குடி மரபுச் சட்டத்தில் உள்ள ‘புனித இடம்’ என்ற சொல்லுக்கு அங்குள்ள அதிகாரிகள் புதுப்பொருள் கூறத் தொடங்கியிருந்தனர்: சமய வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்ட இடமாக இருந்தால்தான் அது புனித இடமாம். தொன்மக் கதைகளில் வரும் நீர்நிலை மட்டும் போதாது. இவ்வாறு பல இடங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. 2015இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் இப்பொருள்கோள் தவறென்றது. ஆயினும் ரோ 8இல் மரங்கள் வெட்டப்பட்டன. மக்கள் நாள்தோறும் மறித்தனர், கைதாயினர். 2017 மார்ச் தேர்தலில் ஆட்சி மாறிய பின்னரே பணி நின்றது. நீதிமன்றத்தால் நிறுத்த முடியாததைத் தேர்தல் நிறுத்தியது.

இங்கே பொருளைத் திரிக்க வேண்டிய தேவைகூட அரசுக்கு எழவில்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், சமூகத் தாக்க மதிப்பீட்டில் ஊர்க் குளங்கள், மேய்ச்சல் நிலங்கள், வழிபாட்டிடங்கள், இடுகாடு, சுடுகாடு ஆகியவற்றுக்கு நேரும் பாதிப்பையும் கணக்கிட வேண்டும் என்கிறது. சேரியின் உலகம் முழுவதும் ஏறக்குறைய இந்தப் பட்டியலில் அடங்கிவிடும். ஆனால் தமிழ்நாடு அரசு அச்சட்டத்தில் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து மாநில நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தல் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான சட்டம் ஆகிய மூன்றுக்கும் விலக்களித்தது. (சாலையையும் சிப்காட்டையும் நம் பெயரிலான சட்டத்தோடு ஒரே கட்டில் கட்டியதைக் கவனிக்கவும்.) 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இவ்விலக்கு செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் மூன்று சட்டங்களுக்கும் மீண்டும் உயிரூட்டியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆகவே இழப்பீடு உண்டு, மதிப்பீடு இல்லை. பட்டா வைத்திருப்பவருக்குப் பணம் வரும். பட்டா இல்லாத தெய்வத்துக்கும், ஏரியில் மீன்பிடித்து வாழும் இருளருக்கும் கேள்வியே வராது.

2023இல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களைச் ‘சிறப்புத் திட்டம்’ என அறிவித்து, அவற்றினுள் வரும் நீர்நிலைகளையும் ஒருசேரக் கையாள அது வழி செய்கிறது. பக்கத்திலுள்ள பரந்தூரில் விமான நிலையத்துக்காக 13 ஊர்களின் நிலம் குறிக்கப்பட்டபோது ஏகனாபுரம் கிராம சபை மீண்டும் மீண்டும் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. திட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் 12 கிராம சபைகள் மறுத்தபோது சுரங்கம் நின்றது. வேறுபாடு மக்களின் உறுதியில் இல்லை. டோங்ரியா கோண்டு மக்களின் கையில் வன உரிமைச் சட்டம் இருந்தது. சமவெளித் தலித்துகளுக்கும், காடிழந்து ஏரிக்கரைக்கு வந்துசேர்ந்த இருளருக்கும் அப்படியொரு சட்டம் இல்லை.

இவ்விடத்தில் நமக்குள்ளேயே ஒரு தயக்கம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ‘புனிதம்’ என்ற சொல் நம்மை நீரிலிருந்து விலக்கி வைத்த சொல். 1927 மார்ச்சில் மகாத்தில் அண்ணல் அம்பேத்கரும் தோழர்களும் சவுதார் குளத்து நீரை அருந்திய பின், சாதி இந்துக்கள் அக்குளத்துக்குத் ‘தீட்டு’க் கழித்தார்கள். அத்தகைய புனிதத்தை நாம் கேட்கவில்லை. யாரையும் விலக்காத, பூசாரி சாதி இல்லாத, உழைத்தவனின் நினைவாக நிற்கும் கல்லுக்கு உரிமை கேட்கிறோம். அது சமயக் கோரிக்கை என்பதைவிட நிலக் கோரிக்கை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதி, 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டதும் இதே மாவட்டத்தின் துயரத்தைக் கண்டுதான். காரணை நிலத்துக்காக 1994இல் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் ஈந்ததும் இம்மண்ணில்தான்.

செய்யத்தக்கவை உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சிகளைக் கலந்து பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களை மாநில அரசு அறிவிக்கலாம். 2022இல் மதுரை அரிட்டாபட்டியும், 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் கைவிடப்பட்டபோது, மக்களின் போராட்டத்தோடு இந்த அறிவிப்பும் வாதமாக நின்றது. திருப்பெரும்புதூர் வட்டத்து ஏரிகளுக்கு இதை ஏன் கேட்கக் கூடாது? முதலில் ஆவணம் வேண்டும். இவ்வட்டாரக் கல்லூரி மாணவர்கள் தத்தம் ஊரின் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பெற்று, எந்தப் புல எண்ணில் எந்தக் கன்னிமார் கல் உள்ளது, எந்தக் கால் எந்தச் சாலைக்கடியில் போயிற்று, சுடுகாட்டுப் பாதை எங்கு துண்டானது என்று முதியவர்களோடு நடந்து குறிக்க வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று கிராம சபை கூடும். அந்தக் குறிப்புகளைத் தீர்மானமாக முன்வைத்து, ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றும்படி கேட்கலாம். சேரிக் கரையிலிருந்து தொடங்கி எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.