இரண்டு விளக்கும் பந்தும்

அனிமேஷன் மாணவர்களின் இறுதியாண்டுக் குறும்படத்தில் பாத்திரங்கள் பெருகிக்கொண்டே போகும். ஆறு கை அரக்கி, கூந்தல் அலைபாயும் இளவரசி, நொடியில் உருமாறும் பறவை என்று தனித்தனியே பார்த்தால் எல்லாமே நல்ல கற்பனைதான். ஆனால் காலம் அதற்கு இடம் தருவதில்லை. நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் மூன்று நிமிடப் படத்துக்கு 4,320 ஃபிரேம்கள் வேண்டும். இரண்டு ஃபிரேமுக்கு ஓர் ஓவியம் என்று சிக்கனமாகக் கையால் வரைந்தாலும், படம் முழுக்க வரும் ஒரே ஒரு பாத்திரத்துக்கு 2,160 ஓவியங்கள். முப்பரிமாணம் என்றால், ஒவ்வொரு புதிய பாத்திரத்துக்கும் மாடல் செய்து, அதை அசைப்பதற்கான எலும்புச் சட்டகமான ரிக்கைப் பூட்டி, தோலும் முடியும் துணியும் அமைத்த பிறகுதான் அதை அசைக்கவே முடியும். அதற்குள் கல்வியாண்டில் பாதி போய்விடும். ஆகவே, ஸ்டோரிபோர்டு கட்டத்திலேயே பாத்திரங்களை நீக்கச் சொல்லும் ஆசிரியர் மாணவரின் சிறகை வெட்டவில்லை. அந்தப் படம் முடியவும், அதில் நடிப்பு என்று ஒன்று இருக்கவும் வழி செய்கிறார்.

பிக்ஸார் நிறுவனத்துக்காக ஜான் லாசெட்டர் 1986இல் எடுத்த 'லக்ஸோ ஜூனியர்' சுமார் இரண்டு நிமிடப் படம். அதில் வருபவை இரண்டு மேசை விளக்குகளும் அவை விளையாடும் பந்தும்தான். முகம் இல்லை, கை இல்லை, பேச்சும் இல்லை. மிச்சமான உழைப்பெல்லாம் எங்கே போனது என்பதைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். பெரிய விளக்கைச் சுருக்கியதும் குட்டி விளக்கு வந்துவிடவில்லை. தண்டும் மேல்மூடியும் சிறுத்தன. பல்பு மட்டும் பெரிய விளக்கில் இருக்கும் அதே அளவு. குழந்தையின் உடல் விகிதம் அப்படித்தான் பிடிபட்டது. படம் திரையிடப்பட்ட பிறகு கணினி வரைகலை வல்லுநர் ஜிம் பிளின் லாசெட்டரிடம் வந்து கேட்டது நிழல் எப்படி விழுகிறது என்றல்ல, அந்தப் பெரிய விளக்கு தாயா தந்தையா என்று. பத்துப் பாத்திரங்களை அரைகுறையாக அசைத்த படத்தைப் பார்த்து எவரும் இப்படிக் கேட்கமாட்டார்கள்.

மாணவப் பருவத்தில் துணியாமல் வேறு எப்போது துணிவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிக்ஸாரே 1988இல் 'டின் டாய்' படத்தில் அன்றைய கணினிகளுக்கு எட்டாத ஒரு மனிதக் குழந்தையைச் செய்து பார்த்தது. அந்தக் குழந்தையின் முகம் இன்றும் உறுத்துகிறது. படமோ ஆஸ்கர் வென்றது. ஏனென்றால் அங்கே சூதாட்டம் ஒன்றே ஒன்று. கதையின் பாரத்தைச் சுமந்தது தகரப் பொம்மை. பாரிஸின் கோப்லான் பள்ளியில் ஆறு மாணவர்கள் செய்து ஆஸ்கர் பரிந்துரை வரை சென்ற 'ஆக்டபோடி'யும் இதே வழியில்தான் போனது. ஆளுக்கு எட்டுக் கைகளோடு இரண்டு ஆக்டோபஸ்கள் என்பது மாணவர்களுக்குக் கடினமான வேலை. அதற்காகவே மற்றதையெல்லாம் எளிமையாக்கி, ஒரு துரத்தலை மட்டும் கதையாக வைத்துச் சுமார் இரண்டரை நிமிடத்தில் முடித்தார்கள். துணிச்சல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை ஒரே இடத்தில் செலவிடுங்கள் என்கிறேன்.

வேலை தேடும்போது ஷோரீலில் சிக்கலான பாத்திரங்கள் இருந்தால்தான் மதிப்பு என்பது இன்னொரு வாதம். அதற்குப் படத்தைப் பலி கொடுக்கத் தேவையில்லை. நீக்கிய அரக்கியைப் பத்து நொடித் தனிச் சோதனையாக அசைத்துக் காட்டலாமே. பாத்திரங்களை நீக்குவதற்கு உண்மையான தடை மதிப்பெண் முறையில் இருக்கிறது. முடிந்த படத்தின் பிரமாண்டத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் எந்த மாணவரும் எதையும் நீக்கத் துணியமாட்டார். ஸ்டோரிபோர்டை நேரக் கணக்கோடு ஓடவிட்டுப் பார்க்கும் அனிமேட்டிக் தயாரானதும் ஒரு மதிப்பீடு வைக்கலாம். யாரை நீக்கினீர்கள், அவர் செய்த வேலையை இப்போது எந்தப் பாத்திரம் செய்கிறது என்று கேட்டு, அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் தரலாம்.