மைலோ போனா பரவாயில்ல, அலவன்ஸ் போனா? நிறுவனச் சிக்கனமும் உங்கள் உரிமையும்

பேன்ட்ரியில் மைலோ தீர்ந்துபோச்சு, மறுபடி வாங்கவில்லை. ஆண்டு விருந்து இந்த வருஷம் கிடையாது. அப்புறம் எச்.ஆர். மின்னஞ்சல்: அடுத்த மாதம் முதல் வருகை அலவன்ஸ் நிறுத்தம். மூன்றுக்கும் காரணம் 'செலவுக் குறைப்பு'தான். ஆனால் சட்டத்தின் பார்வையில் மூன்றும் ஒன்றல்ல.

இது உள்ளூர்ப் பிரச்சினை மட்டுமா?

இல்லை. மெட்டா 2022-இல் ஊழியர்களுக்கான இலவச சலவைச் சேவையை நிறுத்தியது. இலவச இரவு உணவு நேரத்தையும் அரை மணி நேரம் தள்ளிவைத்தது. கூகளும் 2023-இல் லேப்டாப் முதல் ஸ்டேப்லர் வரை செலவைக் குறைத்தது.

முதலாளி எதில் கை வைக்கவே முடியாது?

1955 வேலைவாய்ப்புச் சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமைகளில். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேர வேலை, 98 நாள் மகப்பேறு விடுமுறை. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் ஆண்டுக்கு 8 நாள் விடுமுறை, 14 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. ஒப்பந்தத்தில் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தாலும் அது செல்லாது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டுக்கும் இதே கதைதான். ஹோட்டல் ஊழியர்களின் சேவைக் கட்டணத்தை வைத்து அந்தக் கணக்கை நிரப்ப முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது.

எதற்கு உங்கள் சம்மதம் தேவை?

வேலை நியமனக் கடிதத்தில் எழுதியிருப்பதற்கு. அலவன்ஸ், மெடிக்கல் கார்டு, 13-வது மாதச் சம்பளம் அதில் இருந்தால், ஒரு மின்னஞ்சல் அனுப்பி ரத்து செய்துவிட முடியாது. மைலோ, விருந்து, 'நிர்வாகத்தின் விருப்பப்படி' தரும் போனஸ் ஆகியவை பெரும்பாலும் முதலாளி கையில்.

அலவன்ஸ் போனால் இன்னொன்றும் போகும். இபிஎஃப் சந்தாவில் வருகை அலவன்ஸும் சேரும். மாதம் 200 ரிங்கிட் நின்றால், 5,000 ரிங்கிட்டுக்குள் சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி செலுத்தும் 13 விழுக்காட்டில் சுமார் 26 ரிங்கிட்டும் சேர்ந்து குறையும்.

ஜோகூரில் ஏன் வலி அதிகம்?

பாசிர் கூடாங், செனாய் போன்ற தொழிற்பேட்டைகளில் கம்பெனி பஸ் வெறும் சலுகை இல்லை. அது நின்றால் மோட்டார், பெட்ரோல், கிராப் என எல்லாம் சொந்தச் செலவு. பேஸ்லிப்பில் எண் மாறாது. ஆனா கைக்கு வருவது குறையும்.

அதோடு, பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் டாலர் சம்பளம். இவ்வளவு நாள் இங்கேயே இருந்தவரை நிறுத்திவைத்தது வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, மெடிக்கல் கார்டு, நல்ல சூழல். அதையும் எடுத்துவிட்டால் தங்குவதற்குக் காரணம் என்ன? புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச்செல்லும் வகையில் வடிவமைக்கப்பட்டது. அனுபவசாலி ஒருவர் போனால் புது ஆளைத் தேடிப் பயிற்சி கொடுக்கும் செலவு, மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் நியமனக் கடிதத்தை எடுத்துப் படிங்க. மாற்றத்தை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்க. புரியாத எதிலும் கையெழுத்துப் போடாதீங்க. ஆட்சேபத்தையும் எழுத்திலேயே தெரிவிங்க. சம்பளப் புகாருக்கு ஆள்பலத் துறையை நாடலாம். கோபத்தில் ராஜினாமா மட்டும் வேண்டாம். முதலாளி ஒப்பந்தத்தை மீறியதால்தான் விலகினேன் என்று வாதிட நினைத்தால், அதற்கு முன்பே ஆலோசனை பெறுங்கள். தொழில்துறை உறவுச் சட்டப்படி புகார் செய்ய 60 நாள்தான் அவகாசம்.