தீவகம் நமக்குச் சொல்லும் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளைத் ‘தீவகம்’ என்பார்கள். வேலணை, காரைநகர், புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இலங்கையின் வட கோடியில் உள்ள இந்தத் தீவுகளுக்கும் ஜொகூரில் உள்ள பாலோவுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்கலாம்.

தொடர்பு தண்டவாளத்தில் இருக்கிறது. பாலோ வழியாகச் செல்லும் இரயில் பாதை 1909-இல் ஜொகூர் பாருவை எட்டியது. அக்காலத்தில் மலாயா இரயில்வேயில் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் பணியாற்ற, ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் வந்தனர். காரைநகர் போன்ற தீவுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு.

இன்னொரு தொடர்பு கல்வியில் இருக்கிறது. 1913-இல் வேலணைத் தீவின் கரம்பொன் கிராமத்தில் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். அவர் 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைவரானார். 1966-இல் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திக் காட்டியவரும் அவரே. சிற்றூரில் பிறந்தவர் உலகத் தமிழரையே ஒரு மேடையில் கூட்டினார்.

அத்தகைய மண்ணின் இன்றைய நிலை என்ன? போர்க்காலத்தில் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். புங்குடுதீவில் இன்றும் பூட்டிய வீடுகளும் இடிந்த சுவர்களும் நிறைய உண்டு. நெடுந்தீவுக்குப் பாலம் இல்லை. குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் செல்ல வேண்டும். கடல் கொந்தளித்தால் நோயாளியும் காத்திருக்க வேண்டியதுதான். சுற்றிலும் நீர் இருந்தும் பல கிணறுகளில் உவர் நீரே ஊறுகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்று, சூரிய ஒளி மின்சாரம் வழங்கும் திட்டம் முதலில் சீன நிறுவனம் ஒன்றுக்குத் தரப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. பின்னர் 2024-இல் இந்திய மானியத்துடன் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. வல்லரசுகளுக்கு அது பாதுகாப்புப் பிரச்சினை. அங்குள்ள மக்களுக்கோ வீட்டு விளக்குப் பிரச்சினை.

ஊரைவிட்டு இளைஞர்கள் வெளியேறுவதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. தனிநாயகம் அடிகளும் வெளியேறியவர்தான். ஆனால் விரும்பிச் செல்வது வேறு. தண்ணீரும் படகும் மருத்துவமும் இல்லாமல் செல்ல நேர்வது வேறு. முதலாவது வளர்ச்சி. இரண்டாவது இழப்பு.

நம் ஊர்களிலும் இளைஞர்கள் வேலை தேடி ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்கிறார்கள். தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறையின் நினைவுகள் அவர்களுடனேயே மறைந்து வருகின்றன. தீவகத்தார் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்தாலும் ஊர்ச் சங்கம் அமைத்துப் பள்ளிக்கும் கோயிலுக்கும் உதவுகிறார்கள். ஊர் வரலாற்றை நூலாக்குகிறார்கள். ஊர் தொலைவில் இருந்தாலும் உறவு அறுபடவில்லை.

பாலோ மாணவர்கள் அதை இப்போதே தொடங்கலாம். தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் அல்லது எந்த நிலையத்தில் வேலை செய்தார்கள், எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பழைய படங்களின் பின்னால் பெயரையும் ஆண்டையும் குறியுங்கள். தமிழ்ப்பள்ளிகள் இதை ஆண்டுதோறும் ஒரு பயிற்சியாக்கி, கட்டுரைகளை நூலகத்தில் சேர்த்து வைக்கலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை. கேட்பதற்குப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும், அவ்வளவுதான்.