விடையினும் வினா நன்று

நம் நாட்டில் மெட்ரிக் அளவு முறை 1958-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பருத்தி நூலின் நம்பர் இன்றும் ராத்தலையும் கெஜத்தையும் தழுவியே நிற்கிறது. நிலமோ ஏக்கரிலும் சென்டிலும் பேசப்படுகிறது. ஆகவே அளவு மாற்றும் கணக்கு நம் அங்கத்தினர்களை விட்டு அகலவில்லை.

நாம் தணிக்கைக்குச் சென்ற சங்கம் ஒன்றில், முதிய நெசவாளர் ஒருவர் பெயரில் 460 கிராம் நூல் குறைவு என்று எழுதி, கூலியில் பிடித்தம் செய்திருந்தனர். ஐம்பதாண்டு தறியில் அமர்ந்தவர் கண்கலங்கி நின்றார். நாம் குமாஸ்தாவைக் கடியவில்லை. சில கேள்விகளே கேட்டோம்.

“இவருக்குக் கொடுத்த 40-ஆம் நம்பர் நூற்கட்டில் எத்தனை சிட்டம்?”

“400, ஐயா.”

“40-ஆம் நம்பர் என்றால் என்ன பொருள்?”

“840 கெஜமுள்ள சிட்டம் நாற்பது சேர்ந்தால் ஒரு ராத்தல்.”

“அப்படியானால் கட்டின் எடை?”

“பத்து ராத்தல்.”

“அது எத்தனை கிலோ?”

அவர் ஒரு ராத்தலுக்கு 0.4536 கிலோ என்று பெருக்கினார்; 4.536 வந்தது. பதிவேட்டிலோ 5 கிலோ என்றிருந்தது. குறைந்தது நூலன்று, கணக்கே என்பதை அவரே கண்டு, தம் கையாலேயே பதிவைத் திருத்தினார்.

விடையை நாமே சொல்லியிருந்தால் அன்றைய பிழை மட்டுமே தீர்ந்திருக்கும். கேள்வியைக் கற்றவரோ அடுத்த பிழையையும் தாமே தடுப்பார். வாய்பாட்டை மனனம் செய்தவர்கூட, பெருக்குவதா வகுப்பதா என்னுமிடத்தில் தடுமாறுவதுண்டு. அப்போது நான்கு வினாக்கள் போதும். கையில் உள்ள அளவு எது? வேண்டிய அளவு எது? இரண்டையும் இணைக்கும் விகிதம் என்ன? விடை பெருகுமா, குறையுமா?

விவசாய அன்பர்களுக்கும் இது பொருந்தும். எக்டேருக்கு 50 கிலோ உரம் என்று சொன்னால், ஏக்கருக்கு எவ்வளவு? எக்டேர் பெரிதா, ஏக்கர் பெரிதா என்று முதலில் கேளுங்கள். ஓர் எக்டேர் சுமார் 2.47 ஏக்கர், எனவே ஏக்கருக்கு 20 கிலோவே போதும். கேளாது 50 கிலோ இடுபவர் இரண்டரை மடங்கு பணத்தை மண்ணில் கொட்டுகிறார்.

சங்கக் காரியதரிசிகள் கணக்கை முடித்துக் காட்டுவதோடு நில்லாமல், அங்கத்தினரை வினவி, அவர் வாயாலேயே விடையை வருவிக்க வேண்டும். அங்கத்தினரும் கேட்க நாணலாகாது. தம் கணக்கைத் தாமே சரிபார்க்கும் அங்கத்தினரே சங்கத்தின் மெய்யான மூலதனம்.